பத்தாவது ஆள் சேரும் நாள்: சிறு முதலாளிகளுக்கான தொழிலாளர் சட்ட வழிகாட்டி

கோவையிலோ திருப்பூரிலோ ஒன்பது பேரை வைத்து ஒரு நிறுவனம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்தாவது ஆள் சேர்ந்த அன்று என்ன மாறுகிறது? வேலையில் பெரிதாக எதுவும் மாறாது. ஆனால் அன்றிலிருந்து இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வருகிறது, கிராஜுவிட்டி (பணிக்கொடை) வருகிறது, பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள் புகார் குழு வைத்தாக வேண்டும். முதலாளிக்கு இது தெரியவருவது பெரும்பாலும் மூன்று ஆண்டுகள் கழித்து, யாரோ ஒருவர் கோபித்துக்கொண்டு வேலையை விட்டுப் போகும்போதுதான்.

தொழிலாளர் துறையிலும் நீதிமன்றத்திலும் சிறு முதலாளிகள் தோற்கும் வழக்குகளில் பாதிக்கு மேல் கெட்ட எண்ணத்தால் வந்தவை அல்ல என்பது என் கணிப்பு. சம்பளம் கொடுத்திருப்பார், ரசீது இருக்காது. ஆள் திருடியிருப்பார், விசாரணை நடந்திருக்காது. அன்றன்றைக்கு எழுத வேண்டியதை அன்றன்றைக்கு எழுதாமல், நோட்டீஸ் வந்த பிறகு பழைய தேதி போட்டு எழுதப் பார்ப்பார். இந்த வழிகாட்டி தமிழ்நாட்டில் ஐந்து முதல் நூறு பேர் வரை வைத்துத் தொழில் நடத்துபவர்களுக்கானது. ஒரு ஆளைச் சேர்ப்பதில் தொடங்கி அனுப்புவது வரை வரிசையாகப் போவோம்.

முதலில் ஒரு பின்னணி. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன: ஊதியத் தொகுப்பு (2019), தொழிலுறவுத் தொகுப்பு, சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, பணிப் பாதுகாப்புத் தொகுப்பு (மூன்றும் 2020). பழைய மத்தியச் சட்டங்கள் 29 இவற்றுக்குள் அடங்கிவிட்டன. புதிய விதிகள் முழுமையாக வரும்வரை, தொகுப்புகளோடு முரண்படாத பழைய விதிகளே ஓடும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 போன்ற மாநிலச் சட்டங்கள் தனியே இருக்கின்றன. ஆக, "எல்லாம் மாறிடுச்சு" என்று சொல்பவரையும் நம்ப வேண்டாம், "ஒண்ணும் மாறல" என்பவரையும் நம்ப வேண்டாம்.

படி 1: தலைகளை எண்ணுங்கள்

சட்டம் ஆள் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் வருகிறது. 5 பேரைத் தொட்டால் தொழிலாளர் நல நிதி. 10 பேர் என்றால் மேலே சொன்னவை, கூடவே கடைகள் சட்டத்தின் கீழ் பதிவு. 20 பேர் ஆனால் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), போனஸ், தொழிலுறவுத் தொகுப்பு சொல்லும் குறைதீர் குழு. 50 பேர் ஆனால் குழந்தைகள் காப்பகம். ஆட்குறைப்புக்கோ மூடுவதற்கோ அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற வரம்பு தொழிற்சாலைகளுக்கு 100-ல் இருந்து 300-க்கு உயர்ந்திருக்கிறது.

எண்ணும்போது இரண்டு இடத்தில் தவறு நடக்கும். ஒன்று, கான்ட்ராக்டர் மூலம் வரும் ஆட்களை விட்டுவிடுவது. பிஎஃப், இஎஸ்ஐ கணக்கில் அவர்களும் உண்டு. வாட்ச்மேன், துப்புரவுப் பணியாளர், லோடுமேன் எல்லோரையும் சேருங்கள். கான்ட்ராக்டர் பிஎஃப் கட்டாமல் ஓடிவிட்டால் அந்தப் பணம் உங்களிடம்தான் வசூலாகும். அதனால் மாதாமாதம் அவருடைய பில்லைப் பாஸ் செய்யும் முன், போன மாத பிஎஃப், இஎஸ்ஐ செலானையும் அதில் உங்கள் ஆட்களின் பெயர்ப் பட்டியலையும் வாங்கிக்கொள்ளுங்கள். செலான் இல்லையென்றால் பில் இல்லை.

இரண்டாவது தவறு, ஆள் குறைந்தால் சட்டமும் போய்விடும் என்று நினைப்பது. 20 பேரைத் தொட்டு பிஎஃப் வந்துவிட்டால், பிறகு 14 பேராகக் குறைந்தாலும் அது தொடரும். இஎஸ்ஐ, கிராஜுவிட்டியும் அப்படித்தான். "ரெண்டு பேரைப் புத்தகத்துல காட்டாம விட்டுடலாம்" என்று யோசனை சொல்லும் கணக்காளர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அந்த இரண்டு பேரில் ஒருவருக்கு மெஷினில் கை மாட்டினால் இஎஸ்ஐ வழியாகக் கிடைத்திருக்க வேண்டிய மருத்துவமும் இழப்பீடும் முழுக்க உங்கள் தலையில் விழும். அதற்கு முன்னால் மாதச் சந்தா ஒன்றுமே இல்லை.

படி 2: அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்

இனி இது எல்லோருக்கும் கட்டாயம். கடைநிலை உதவியாளருக்கும் கொடுக்க வேண்டும். நான்கு பக்கம் ஆங்கிலத்தில் இணையத்திலிருந்து எடுத்துப் போடுவதைவிட, ஒன்றரைப் பக்கம் தமிழில் எழுதுவது மேல். பதவி, வேலை, சேரும் தேதி, சம்பளத்தின் பிரிவுகள், வேலை நேரம், வார விடுமுறை, தகுதிகாண் காலம், நோட்டீஸ் காலம், வேறு கிளைக்கு மாற்றலாமா என்பது இருந்தால் போதும். வடமாநிலத் தொழிலாளி என்றால் அவருக்குப் புரியும் மொழியில் ஒரு பிரதி கொடுங்கள். கையெழுத்து வாங்கி ஒரு பிரதியைக் கோப்பில் வையுங்கள். பிறந்த தேதிக்கு ஆதாரமும் அதே கோப்பில் இருக்கட்டும். 14 வயதுக்கு உட்பட்டவரை வேலைக்கு வைப்பது குற்றம், 18-க்கு உட்பட்டவரை அபாயகரமான வேலையில் வைப்பதும் குற்றம்.

தகுதிகாண் காலத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தமிழ்நாடு கடைகள் சட்டத்தின் 41-வது பிரிவு, தொடர்ந்து ஆறு மாதம் வேலை செய்த ஒருவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் அனுப்ப முடியாது என்கிறது. நீங்கள் ஆர்டரில் ஒரு வருடத் தகுதிகாண் காலம் என்று எழுதினாலும் சட்டத்தின் கடிகாரம் ஆறு மாதத்தில் அடித்துவிடும். ஆள் சரியில்லை என்றால் ஐந்தாவது மாதத்துக்குள் முடிவெடுங்கள்.

குறித்த காலத்துக்கு மட்டும் ஆள் தேவையா? குறித்த கால நியமனம் இப்போது சட்டப்படி வெளிப்படையாகவே உண்டு. ஆனால் அவருக்கும் நிரந்தரப் பணியாளருக்குரிய சம்பளமும் சலுகைகளும் தர வேண்டும், ஒரு வருடம் முடித்தாலே கிராஜுவிட்டியும் உண்டு. இதற்குப் பதிலாக ஆட்களை 'டெம்பரரி' என்றே பல வருடம் ஓட்டுவது ஆபத்து. தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டின் நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் வரம்புக்குள் வரும் நிறுவனத்தில் 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவர் நிரந்தரமாக்கப்பட வேண்டும். 470-வது நாளில் நிறுத்தி ஒரு வாரம் கழித்து மறுபடி எடுக்கும் பழைய தந்திரத்தை நீதிமன்றங்கள் நிறையப் பார்த்துவிட்டன.

படி 3: சம்பளத்தைப் பிரிப்பது

இங்கேதான் புதிய தொகுப்புகள் பையைத் தொடுகின்றன. பிஎஃப், கிராஜுவிட்டி குறைவாக வரட்டும் என்று அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாக்கி அலவன்ஸைப் பெரிதாக்கும் வழக்கம் நமக்கு இருக்கிறது. இப்போது, வீட்டு வாடகைப்படி, போக்குவரத்துப்படி போன்ற, ஊதியக் கணக்கில் சேராத விலக்குகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை 'ஊதியத்தில்' சேர்ந்துவிடும்.

ஒரு கணக்கு. மொத்தம் ரூ.30,000. அடிப்படையும் அகவிலைப்படியும் ரூ.10,000, வாடகைப்படி ரூ.12,000, போக்குவரத்துப்படி ரூ.8,000. விலக்குகள் ரூ.20,000, பாதி என்பது ரூ.15,000, கூடுதல் ரூ.5,000 ஊதியத்தோடு சேர்ந்து அது ரூ.15,000 ஆகிறது. கிராஜுவிட்டிக்கு 15/26 சூத்திரம் (மாத ஊதியம் × 15/26 × சேவை வருடங்கள்) போட்டால், ஐந்து வருடச் சேவைக்கு ரூ.10,000-க்கு ரூ.28,846 வந்திருக்கும். இப்போது ரூ.43,269. இருபது பேருக்கு, பத்து வருடத்துக்கு என்று பெருக்கிப் பாருங்கள். இன்றே ஒதுக்கத் தொடங்காவிட்டால் நல்ல ஆள் ஒருவர் ஓய்வுபெறும் நாள் உங்களுக்குக் கெட்ட நாளாகிவிடும்.

'ஸ்பெஷல் அலவன்ஸ்' என்று பெயர் வைத்தால் தப்பிக்கலாமா? எல்லோருக்கும் ஒரேமாதிரி கொடுக்கும் அலவன்ஸ் அடிப்படை ஊதியத்தின் மறுபெயர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியிலேயே விவேகானந்தா வித்யாமந்திர் வழக்கில் பிஎஃப் தொடர்பாகச் சொல்லிவிட்டது.

பிஎஃப் இருபக்கமும் 12 சதவீதம், சட்டப்படியான ஊதிய வரம்பு ரூ.15,000. இந்த வரம்பை உயர்த்தும் பேச்சு நெடுநாளாக இருக்கிறது, அறிவிப்புகளைக் கவனித்துவாருங்கள். வரம்பளவிலேயே பிஎஃப் பிடிக்கும் இடங்களில் புதிய வரையறையால் கைக்கு வரும் சம்பளம் குறையாது என்று மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் விளக்கியிருக்கிறது. பணியாளர்கள் பதறினால் இதைச் சொல்லுங்கள். இஎஸ்ஐ முதலாளி பங்கு 3.25, தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், ஊதிய வரம்பு ரூ.21,000. தொழில் வரியை அரையாண்டுக்கு ஒருமுறை பிடித்து உள்ளாட்சிக்குக் கட்ட வேண்டும், அதிகபட்சம் ரூ.1,250.

பிஎஃப், இஎஸ்ஐ இரண்டுக்கும் கடைசி நாள் அடுத்த மாதம் 15. அதை 16-ஆம் தேதி கட்டினால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: தொழிலாளி சம்பளத்தில் பிடித்த பங்கை ஒருநாள் தாமதமாகக் கட்டினாலும் வருமான வரியில் அது செலவாக ஏற்கப்படாது, அந்தத் தொகைக்கு முதலாளி வரி கட்ட வேண்டும் என்று 2022 அக்டோபரில் செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குமேல் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, மாதத்துக்கு 1 சதவீத அபராதம் தனி. வாடகை ஒரு வாரம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, இதைத் தள்ளாதீர்கள்.

மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள். வங்கி வழியாகவே கொடுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் கையெழுத்துப் பதிவேடு வேண்டும், ஏனென்றால் "எனக்குச் சம்பளம் தரவில்லை" என்று ஒருவர் கோரினால், கொடுத்ததை நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்று ஊதியத் தொகுப்பே சொல்கிறது. கோருவதற்கு அவருக்கு மூன்று ஆண்டு அவகாசமும் இருக்கிறது. பிடித்தங்கள் எல்லாம் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அட்வான்ஸ் வாங்கியவரிடம் தீபாவளிக்குப் பிறகு முழுச் சம்பளத்தையும் பிடித்துக்கொள்வது நம் ஊர் வழக்கமாக இருக்கலாம், சட்டத்தில் அதற்கு இடமில்லை.

படி 4: நேரமும் விடுப்பும்

கடைகள் சட்டப்படி நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48. அதற்கு மேல் என்றால் இரட்டைச் சம்பளம். ஒரு வருடம் முடித்தவருக்கு 12 நாள் ஊதிய விடுப்பு. வருடத்துக்கு 12 நாள் உடல்நல விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு தனி. தேசிய, பண்டிகை விடுமுறைகள் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவற்றோடு மேலும் ஐந்து நாள். ஜவுளிக்கடை, நகைக்கடை நடத்துகிறவர்கள் நாற்காலியை மறக்க வேண்டாம்: விற்பனையில் நிற்பவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. பெண்களை இரவில் வேலை செய்யச் சொன்னால் எழுத்தில் அவர்கள் சம்மதமும் வீடுவரை பாதுகாப்பான வாகனமும் வேண்டும்.

வருகைப் பதிவை அன்றன்றே வையுங்கள். மாதக் கடைசியில் எல்லோருக்கும் 'பி' போட்டு நிரப்பிய பதிவேட்டை ஆய்வாளர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். மே 1 அன்றும் எல்லோரும் வந்ததாக இருக்கும்.

படி 5: மகப்பேறு

முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், அதற்குமேல் 12 வாரம். எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். பல முதலாளிகள் இதைப் பெரும் செலவாகப் பயந்து இளம்பெண்களை வேலைக்கு எடுக்கவே தயங்குகிறார்கள். ஆனால் அவர் இஎஸ்ஐ வரம்புக்குள் இருந்து, முறையாகச் சந்தா கட்டியிருந்தால், அந்தச் சம்பளத்தை இஎஸ்ஐ கழகம்தான் கொடுக்கும். அந்த வரம்பைத் தாண்டிய சம்பளக்காரருக்குத்தான் நீங்கள் கையிலிருந்து தர வேண்டும்.

விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவதோ, திரும்பி வந்ததும் "உன் இடத்துக்கு ஆள் போட்டாச்சு, கவுன்ட்டர்ல நில்லு" என்பதோ செல்லாது. 2025 மே மாதம், தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் தொடர்ந்த உமாதேவி வழக்கில், மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமைகளின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது அரசுப் பணி வழக்கு என்றாலும், நீதிமன்றங்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்பதைத் தனியார் முதலாளியும் படித்துக்கொள்ளலாம்.

படி 6: உள் புகார் குழு

இதைத்தான் பலரும் பெயருக்குச் செய்கிறார்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேர் உள்ள எந்த இடத்திலும் குழு வேண்டும். தலைவர் நிறுவனத்தில் மூத்த பொறுப்பில் உள்ள பெண் பணியாளர். உறுப்பினர்களில் குறைந்தது பாதி பெண்கள். ஒருவர் வெளியிலிருந்து வர வேண்டும்: பெண்கள் நல அமைப்பைச் சேர்ந்தவர் அல்லது இந்த விஷயத்தில் பழக்கமுள்ளவர். முதலாளியின் மைத்துனியை வெளி உறுப்பினர் ஆக்குவது சிரிப்புக்கு ஆகும், சட்டத்துக்கு ஆகாது. குழு இல்லையென்றால் ரூ.50,000 வரை அபராதம். மறுபடி பிடிபட்டால் இரட்டிப்பு, உரிமம் ரத்தாகும் வாய்ப்பும் உண்டு.

புகார் வந்த நாளிலிருந்து இப்படிப் போங்கள். புகார் எழுத்தில் இருக்க வேண்டும். எழுத முடியாதவர் என்றால் எழுத உதவ வேண்டியது குழுவின் கடமை. சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் தர வேண்டும், காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். ஏழு வேலை நாளுக்குள் எதிர்த்தரப்புக்குப் பிரதி போக வேண்டும், அவருக்குப் பதில் தரப் பத்து வேலை நாள். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும், அதன்பின் பத்து நாளில் அறிக்கை, அறிக்கையின் மேல் 60 நாளில் முதலாளி நடவடிக்கை. வக்கீல்கள் உள்ளே வர முடியாது. விசாரணைக் காலத்தில் புகார் கொடுத்தவர் கேட்டால் இடமாற்றமோ மூன்று மாதம் வரை விடுப்போ தரலாம்.

முதலாளிகள் சறுக்கும் இடம் சமரசம். "ரெண்டு பேரும் நம்ம ஆளுங்க, பேசி முடிச்சுக்கலாம்மா" என்று தானாகவே பஞ்சாயத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். சமரசத்தைப் புகார் கொடுத்தவர் தானாகக் கேட்டால்தான் குழு தொடங்கலாம், அதிலும் பணம் பேசக் கூடாது. குழுவுக்கு வெளியே முதலாளி நடத்தும் பஞ்சாயத்து பின்னாளில் அவருக்கு எதிரான சாட்சியாக மாறும். பெயர்களையும் விவரங்களையும் வெளியிடுவதும் தண்டனைக்குரியது, அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒரு பொதுவான 'அறிவுரை' போடுவது உட்பட எதிலும் யார் என்று தெரியவிடாதீர்கள். புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் புகார் கொடுத்தவர்மேல் நடவடிக்கை எடுக்கவும் முடியாது.

புகார் முதலாளி மேலேயே என்றாலோ, பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றாலோ, அது மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகும். வேலைக்குப் போகவர நிறுவனம் ஏற்பாடு செய்த வாகனம், வெளியூர்ப் பயணம், இரவு பத்து மணி வீடியோ அழைப்பு எல்லாம் 'பணியிடம்' என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆண்டும் அறிக்கை தர வேண்டும், புகார் ஒன்றுமில்லை என்றாலும்.

படி 7: போன், கேமரா, வீட்டிலிருந்து வேலை

சட்டம் இன்னும் முழுதாக எட்டாத பகுதி இது, அதனால் உங்கள் ஆர்டரும் கொள்கைத் தாளும்தான் சட்டம்போல் வேலை செய்யும். வீட்டிலிருந்து வேலை என்றால் எந்த நேரம் கிடைக்க வேண்டும், லேப்டாப் கெட்டால் யார் செலவு என்று எழுதுங்கள். வேறு இடத்தில் பகுதிநேர வேலை கூடாது என்றால் எது போட்டித் தொழில் என்பதையும் சொல்லுங்கள். மாலையில் டியூஷன் எடுப்பவரையும் போட்டி நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதுபவரையும் ஒரே கண்ணில் பார்க்க முடியாது.

பணியாளரின் ஆதார், வங்கி விவரம், மருத்துவச் சான்று, கைரேகை எல்லாம் இனி டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-க்குள் வரும். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, முக்கியக் கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து அமலாகும். வேலை தொடர்பான தேவைக்குத் தரவைப் பயன்படுத்தச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் எல்லோருடைய ஆதார் நகலையும் சூப்பர்வைசரின் போன் கேலரியில் வைத்திருப்பது அந்தத் தேவைக்குள் வராது. ஆள் போன பிறகு தேவையில்லாததை அழித்துவிடுங்கள். கேமரா வைத்தால் வைத்திருக்கிறோம் என்று பலகை போடுங்கள். உடை மாற்றும் இடத்தின் பக்கம்கூட அது திரும்பக் கூடாது.

படி 8: ஒழுங்கு நடவடிக்கை

இனிதான் பணம் போகும் இடம். கடைகள் சட்டப் பிரிவு 41 இரண்டு வழி தருகிறது. ஒன்று, நியாயமான காரணத்தோடு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம். மற்றொன்று, ஒழுங்கீனம் என்றால் நோட்டீஸ் வேண்டாம், ஆனால் விசாரணை நடத்தி ஆதாரம் பதிவாகியிருக்க வேண்டும். வேலைத் திறன் போதவில்லை என்பது முதல் வழி, திருட்டு இரண்டாவது வழி. இரண்டையும் ஒரே கடிதத்தில் கலந்து எழுதுவதுதான் பெரும்பாலான பணிநீக்கங்களைக் கவிழ்க்கிறது.

விசாரணையின் வரிசை பழையது, மாறாதது. முதலில் மெமோ: என்ன நடந்தது, எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம். "நடத்தை சரியில்லை" என்று மட்டும் எழுதினால் அது குற்றச்சாட்டு ஆகாது. பதிலுக்குப் போதிய நாள் கொடுங்கள். பணியிடை நீக்கம் செய்தால் பிழைப்பூதியம் உண்டு: தமிழ்நாட்டுச் சட்டப்படி முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அடுத்த 90 நாள் முக்கால், அதற்குமேல் முழுச் சம்பளம். இந்த ஏறுவரிசையே விசாரணையைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லும் தூண்டுகோல்.

விசாரணை அதிகாரி சம்பவத்தின் சாட்சியாக இருக்கக் கூடாது. திருட்டைப் பிடித்த மேனேஜரே விசாரிக்க உட்கார்ந்தால் அன்றைக்கே வழக்கு போயிற்று. சாட்சிகளைத் தொழிலாளி முன்னால் விசாரித்து, குறுக்கு விசாரணைக்கு அவருக்கு வாய்ப்பு கொடுங்கள். அவருக்குத் தெரிந்த மொழியில் நடத்துங்கள். ஒவ்வொரு நாள் நடவடிக்கைத் தாளிலும் இருதரப்புக் கையெழுத்து வேண்டும். அவர் கையெழுத்துப் போட மறுத்தால், மறுத்தார் என்று எழுதி இரண்டு சாட்சிகளிடம் வாங்குங்கள். அறிக்கையின் பிரதியை அவருக்குக் கொடுத்து அவர் கருத்தைக் கேட்ட பிறகே தண்டனை. தண்டனையும் தவறுக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும்: பதினைந்து வருடம் சுத்தமாக வேலை செய்தவரை ஒருநாள் குடித்துவிட்டு வந்ததற்காக நீக்கினால் நீதிமன்றம் குறைத்துவிட வாய்ப்பு அதிகம்.

அப்புறம் 'ஓடிப்போன' ஆள். பத்து நாளாக வரவில்லை, போன் எடுக்கவில்லை, தானாகவே வேலை போய்விட்டது என்று பெயரை அடித்துவிடுகிறார்கள். நிறுவனத்தின் நிலையாணையில் (எழுதிவைத்த பணி விதிகளில்) அப்படி விதி இருந்தாலும், வாய்ப்புக் கொடுக்காமல் பெயரை நீக்கக் கூடாது என்று 1993-லேயே டி.கே. யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோப்பில் உள்ள நிரந்தர முகவரிக்கு, வேலைக்கு வரச் சொல்லி ஒரு கடிதம், பதில் இல்லையென்றால் இன்னொன்று, பிறகு மெமோ. பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீட் போஸ்டோடு இணைந்துவிட்டதால் அதிலேயே சேர்ப்புச் சான்றோடு அனுப்புங்கள். உறை "பெறுபவர் இல்லை" என்று திரும்பி வந்தால் பிரிக்காமல் அப்படியே கோப்பில் வையுங்கள். மூடிய அந்த உறை வக்கீலின் அரைமணி நேர வாதத்துக்குச் சமம்.

ராஜினாமாவை மிரட்டி வாங்குவதையும் விட்டுவிடுங்கள். செக்யூரிட்டி அறையில் உட்காரவைத்து, நிறுவனத்தின் தாளில், நிறுவன ஆள் ஒருவரின் கையெழுத்தில் எழுதிய ராஜினாமாவை யாரும் நம்புவதில்லை. தப்பான பணிநீக்கம் என்று தீர்ப்பானால் பின்சம்பளத்தோடு (வேலையில்லாமல் இருந்த காலத்துக்கான சம்பளத்தோடு) திரும்ப எடுப்பதே இயல்பான நிவாரணம் என்பது 2013-ன் தீபாலி குண்டு சுர்வசே வழக்கிலிருந்து நிலைபெற்ற பார்வை. புதிய தொகுப்பில் தொழிலாளி வழக்குத் தொடரும் காலவரம்பு மூன்றிலிருந்து இரண்டு ஆண்டாகக் குறைந்திருக்கிறது. உங்கள் கோப்பு அதைத் தாண்டி இருக்கட்டும்.

ஆர்டர் குறைந்து ஆட்களைக் குறைக்க வேண்டிவந்தால் அது ஒழுங்கு நடவடிக்கை அல்ல, ஆட்குறைப்பு. ஒரு வருடம் முடித்தவருக்கு ஒரு மாத நோட்டீஸ், வருடத்துக்கு 15 நாள் சம்பளம் வீதம் இழப்பீடு, கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போவது. புதிதாக, மறுதிறன் நிதிக்கென (வேலை இழந்தவர் வேறு திறன் கற்க உதவும் நிதி) ஒவ்வொருவருக்கும் 15 நாள் சம்பளம் முதலாளி கட்ட வேண்டும். யாரைக் குறைப்பது என்ற பட்டியலில் சங்கம் சேர்ந்தவர்கள் மட்டுமே இருந்தால் காரணம் எதுவாக இருந்தாலும் கேள்வி வரும்.

படி 9: கணக்கு முடிப்பது

ராஜினாமாவோ நீக்கமோ, கடைசிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது ஊதியத் தொகுப்பு. "அடுத்த மாசம் பத்தாம் தேதி வாங்க" என்ற பழக்கம் இனி செல்லாது. லேப்டாப், சாவி, ஸ்டாக் ஒப்படைப்பை அதனால் கடைசி நாளுக்கு முன்பே முடித்துவிடுங்கள். கிராஜுவிட்டிக்கு 30 நாள் அவகாசம் உண்டு. ஐந்து வருடம் என்பதில் நான்கு வருடமும் ஐந்தாம் வருடத்தில் 240 நாளும் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1996-லேயே எடுத்துக்கொண்டிருக்கிறது. நான்கரை வருடத்தில் ஆளை அனுப்பி மிச்சம் பிடிக்கலாம் என்ற கணக்கு இங்கே வேலைக்கு ஆகாது.

சான்றிதழ்களின் அசலை வாங்கி வைத்திருந்தால் இன்றே திருப்பிக் கொடுங்கள். வேலையை விட்ட பிறகு இரண்டு வருடம் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனையும் ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 27-வது பிரிவின்படி செல்லாது. வேலையில் இருக்கும்போது தடுக்கலாம், போன பிறகு முடியாது. வாடிக்கையாளர் பட்டியலையும் டிசைனையும் எடுத்துப்போகாமல் காப்பது வேறு விஷயம், அதற்கு ரகசியக் காப்பு உறுதிமொழி செல்லும். பயிற்சிச் செலவுக்கான பாண்ட் எப்போதும் செல்லாது என்று நினைக்காதீர்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டுக்குமுன் விலகினால் ரூ.2 லட்சம் என்ற நிபந்தனையை உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அங்கே பொதுத்துறை வங்கியின் ஆள்சேர்ப்புச் செலவு காரணமாகக் காட்டப்பட்டது. இரண்டு வாரம் மெஷின் காட்டிக் கொடுத்ததற்கு ஐந்து லட்சம் என்று எழுதினால் அதே தீர்ப்பு உங்களுக்கு உதவாது. உண்மையில் செலவானதற்குப் பில் இருந்தால் அந்த அளவுக்கு எழுதுங்கள்.

படி 10: தொழிலாளர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தால்

பதறி உடனே பதில் எழுத வேண்டாம், கிடப்பில் போடவும் வேண்டாம். சமரச அலுவலர் முன்னால் நடக்கும் முதல் அமர்வுக்கு முதலாளியோ முடிவெடுக்கும் அதிகாரமுள்ள ஒருவரோ நேரில் போங்கள். ஒன்றும் தெரியாத கிளார்க்கை அனுப்பினால் தள்ளிவைப்பதற்கு மட்டுமே ஆகும். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், கடைசி மூன்று வருடச் சம்பளப் பட்டியல், வருகைப் பதிவு, பிஎஃப், இஎஸ்ஐ செலான், மெமோக்கள், தபால் ரசீதுகள் ஆகியவற்றை நகலெடுத்து எண்ணிட்டு எடுத்துச் செல்லுங்கள். இல்லாத காகிதத்தை முந்தைய நாள் இரவு உருவாக்கிக் கொண்டுபோகாதீர்கள். சம்பளப் பாக்கி விவகாரமாக இருந்தது மோசடி விவகாரமாக மாறிவிடும்.

உங்கள் பக்கம் பலவீனம் என்று தெரிந்தால், நான்கு வருட வழக்கின் பின்சம்பளத்தையும் வக்கீல் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்து, அதில் ஒரு பகுதிக்கு அங்கேயே முடிப்பது மலிவு. முடிக்கும்போது வெளியே நூறு ரூபாய்ப் பத்திரத்தில் எழுதாதீர்கள். சமரச அலுவலர் முன்னிலையில், எந்தெந்தத் தலைப்புக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதி, கிராஜுவிட்டியைத் தனி வரியில் காட்டி, காசோலை எண்ணோடு கையெழுத்தாக்குங்கள். பிஎஃப் பாக்கியை மட்டும் இந்த உடன்பாட்டில் விட்டுக்கொடுக்கச் சொல்லி எழுதாதீர்கள். அதைத் தொழிலாளியே சம்மதித்தாலும் பிஎஃப் அலுவலகம் ஏற்காது.